முதலில் டிப்ஸ்டிக், பிறகு தீர்ப்பு

"கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கித்தான் ஆகணும்." பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் நம் வயதுக்காரர்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல் ஆட்டோமேட்டிக் வாங்கியவர்கள்தானே நாம். பானெட்டைக்கூடத் திறக்காமல் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பை ஏற்கக்கூடாது என்பதே என் கட்சி.

நான் கோப்பு எழுதிப் பிழைத்தவன். காரணம் எழுதாத உத்தரவு அப்பீலில் நிற்காது என்பது கடைநிலை குமாஸ்தாவுக்கும் தெரியும். பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் எங்களுக்கு தெக்கார்த்தைப் புகட்டினார். அந்த மனிதர் 1637-இல் வெளியிட்ட நூலில் வகுத்த விதிகளில் ஒன்று, எளியதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமானதற்குப் போக வேண்டும் என்பது. நம் ஒர்க் ஷாப்புகளில் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள்.

எளியது எது? ஆயில். பல பழைய கார்களில் கியர் ஆயிலுக்கென்றே தனி டிப்ஸ்டிக் உண்டு. பெரும்பாலும் சமதரையில், ஆயில் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருக்கும். இந்த ஆயில் எஞ்சின் ஆயில் போல எரிந்து குறையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அளவு குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். 'டி' போட்டும் வண்டி தாமதமாக நகர்வதும், ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறாததும் அதனால் வரலாம்.

அடுத்து நிறமும் வாசனையும். வழக்கமான சிவப்பு ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்கின்றன. பால் கலந்த ரோஸ்மில்க் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகியிருக்கலாம். அடித்தட்டைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சகஜம். உலோகச் சில்லுகள் கிடந்தால் இறக்குங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன்.

பிறகு வெளிச் சாமான்கள். எங்கள் தெருவில் ஒருவர் வண்டி, ரிவர்ஸ் போட்டால் 'தொம்' என்று அடிக்கும். கியர்பாக்ஸ் முழுவதையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். வேறொரு மெக்கானிக் பார்த்தபோது, கிழிந்திருந்தது எஞ்சின் மவுண்ட் ரப்பர். பலவீனமான பேட்டரி, துருப்பிடித்த கனெக்டர், கெட்டுப்போன ஸ்பீடு சென்சார் ஆகியவையும் கியர்பாக்ஸ் மேல் பழி போட வைக்கும்.

ஸ்கேனர் மாட்டிப் பார்த்தேன் என்பார்கள். நல்லது, என்ன கோடு வந்தது? 'பி 0700' என்றால் அது வெறும் கவரிங் லெட்டர். கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டில் ஏதோ கோளாறு, விவரம் இணைப்பில் என்று பொருள். இணைப்பைப் படிக்காமல் கவரிங் லெட்டரை வைத்து எந்த அதிகாரியாவது உத்தரவு போடுவாரா?

வண்டியில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்பதையும் கேளுங்கள். 2014-இல் செலெரியோவோடு நம் நாட்டில் பரவிய ஏ.எம்.டி., உண்மையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் இயந்திரம் இயக்குகிறது. அதில் கிளட்ச் தட்டு தேய்ந்தால் தட்டை மாற்றினால் போதும். சி.வி.டி.க்கு அதற்கென்றே தனி ஆயில். வேறு ஆயிலை ஊற்றினால் நல்ல கியர்பாக்ஸும் பாழாகும். "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். யாருடைய ஆயுள் என்று கேளுங்கள்.

"இதையெல்லாம் பார்க்க நேரம் எங்கே சார்?" என்று மெக்கானிக் தம்பிகள் கேட்கலாம். நேரத்துக்குக் கூலி கேளுங்கள், தருகிறோம். பார்க்காத வேலைக்குப் பென்ஷன் பணத்தைக் கேட்காதீர்கள்.

நண்பர்களே, இனி யாராவது "போச்சு" என்றால் ஆயில் அளவு, ஆயிலின் நிலை, வந்த கோடு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.