அப்பாவின் கைபேசியில் கிடக்கும் அரிசி

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஓர் இணையரிடமிருந்து தொடங்குகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். பையன் சேரி, பெண் ஊர்த்தெரு. இருவரும் மேஜர். பதிவுத் திருமணம் முடிந்து, வேறு மாவட்டத்தில் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, பனியன் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார்கள். காவல் நிலையத்தில் பெண் வீட்டாரிடம் எழுதியும் வாங்கியாயிற்று. கண்டம் தாண்டிவிட்டது என்று நாங்கள் மூச்சு விட்டபோதுதான் ரேஷன் கார்டு குறுக்கே வந்து நின்றது.

புது அட்டை வேண்டுமென்றால் பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். ஓர் ஆதார் எண் ஓர் அட்டையில்தான் இருக்கலாம். பையன் வீட்டில் பிரச்சினை இல்லை. அவன் அம்மா போனில் ஓடிபி சொன்னார், பத்து நிமிட வேலை. பெண்ணின் பெயரை நீக்க இணையதளத்தில் நுழைந்தால் ஓடிபி போவது அவள் அப்பாவின் கைபேசிக்கு. எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரக்கூடாது என்று அவள் சிம் கார்டை உடைத்துப் போட்டாளோ, அதே எண்ணுக்கு. நேரில் மனு கொடுக்கலாமே என்று வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனோம். “அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா, ஒரு கையெழுத்துதானே” என்றார் அங்கிருந்தவர்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் நம்மை யோசிக்க வைக்கிறது. ஆணவக் கொலை நடக்கிற மாநிலத்தில், ஒரு பெண் உயிரோடு இருப்பதற்காக விட்டு வந்த வீட்டு வாசலுக்கே அவளைத் திருப்பி அனுப்புகிறது ஒரு சாதாரண அலுவலக நடைமுறை. களவிசாரணை என்று ஒருவர் பழைய முகவரிக்குப் போய் “உங்க பொண்ணு இன்ன ஊர்லதானே இருக்கு?” என்று கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? பழைய அட்டையை வைத்தே வெளியூரில் பொருள் வாங்கலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. கடையில் பொருள் வாங்கியவுடன் குறுஞ்செய்தி யார் போனுக்குப் போகும் தோழர்களே?

தமிழ்நாட்டுப் பொது விநியோகத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. 1997இல் ஒன்றிய அரசு வறுமைக்கோட்டை வைத்து மக்களைப் பிரித்தபோது, எல்லோருக்கும் ரேஷன் என்பதில் இந்த மாநிலம் உறுதியாக நின்றது. 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நம்மில் பலர் அந்த அரிசியைத் தின்றுதான் கல்லூரி வரை வந்தோம். ஆனால் ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அட்டை மனிதருக்கு இல்லை, குடும்பத்துக்கு. குடும்பம் என்பது இந்த நாட்டில் யார் யாரோடு சேரலாம் என்று சாதி தீர்மானித்துக் கொடுத்தது. அகமணம்தான் சாதியின் அடிப்படை என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதிவிட்டார். அந்த அகமணத்தை உடைத்து வெளியே வருகிறவர்களுக்கு அரசு செய்கிற முதல் காரியம், அவர்கள் பங்கு அரிசியை அவர்களை விரட்டிய வீட்டின் கணக்கில் விட்டு வைப்பது.

அரிசியோடு முடிந்தாலும் பரவாயில்லை. காப்பீட்டுத் திட்டத்துக்கு அந்த அட்டை வேண்டும். பொங்கல் பரிசுக்கும் வேண்டும். 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஓர் அட்டைக்கு ஒரு பெண் என்ற கணக்கில்தான் ஓடுகிறது. அட்டை இல்லாதவளுக்கு எதுவும் இல்லை. கணவன் விரட்டிவிட்ட பெண், மகன் அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கைம்பெண், வீட்டை விட்டு வெளியேறிய திருநங்கை என்று இந்த வரிசை நீளம்.

சட்டம் இதற்கு இடம் தரவில்லையா என்றால், தருகிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களைப் பொறுத்தவரை ஒவ்வொரு நபருக்கும் மாதம் 5 கிலோ என்றே சொல்கிறது. உரிமை நபருக்கு, அட்டை குடும்பத்துக்கு. இந்த இடைவெளியில்தான் அப்பாவின் கைபேசி உட்கார்ந்திருக்கிறது. ஆணவக் கொலைகள் தொடர்பாக சக்தி வாஹினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது மாவட்டந்தோறும் தனிப்பிரிவு, பாதுகாப்பு இல்லம் என்றெல்லாம் சொன்னது. அந்தத் தனிப்பிரிவு கொடுக்கிற கடிதத்தை வழங்கல் துறை ஏற்க வேண்டும் என்று ஓர் அரசாணை போட எவ்வளவு நேரம் ஆகும்?

நாம் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 18 வயது நிரம்பியவர் தன் ஆதாரோடு இணைந்த தன் கைபேசி எண்ணை வைத்து, தன் பெயரைத் தானே நீக்கிக்கொள்ள வேண்டும். குடும்பத் தலைவரின் சம்மதம் தேவையில்லை. பெயர் நீங்கியது பழைய அட்டைக்குத் தெரியட்டும். எந்த வட்டத்துக்குப் போனது, புது முகவரி என்ன என்பது தெரியக்கூடாது. தனி ஆளுக்கும் தடையில்லாமல் அட்டை தர வேண்டும். பதிவுத் திருமணச் சான்று இருக்கும்போது பெற்றோர் கையெழுத்தைக் கேட்கிற அலுவலர் அதற்கு எழுத்தில் காரணம் தர வேண்டும்.

கூடவே இன்னொன்று. எல்லோருக்கும் அரிசி என்றாலும் எல்லா அட்டையும் ஒன்றல்ல என்பது நம் தெருக்களில் பலருக்குத் தெரியாது. ஏழு பேர் உள்ள வீடு முன்னுரிமைப் பட்டியலில் இருந்தால் 35 கிலோ. அதே வீடு முன்னுரிமையற்ற அட்டையில் இருந்தால் 20 கிலோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கூரை வீட்டுக் கூலிக்காரர் அட்டையில் முன்னுரிமையற்றவர் என்று இருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். உங்கள் வீட்டு ஸ்மார்ட் கார்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பிஎச்எச் என்று இருக்கிறதா, என்பிஎச்எச் என்று இருக்கிறதா? இந்தப் பிரிப்புக்கான ஒன்றியத்தின் ஒதுக்கீடு 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்தே நடக்கிறது. அதற்குப் பின் பிறந்த குழந்தை பத்தாம் வகுப்புக்கே வந்துவிட்டது.

இதையெல்லாம் கண்காணிக்கக் கடை அளவில்கூட விழிப்புக் குழு வேண்டும், அதில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் உரிய இடம் வேண்டும் என்கிறது சட்டத்தின் 29ஆம் பிரிவு. உங்கள் கடையின் குழுவில் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். செலவு 10 ரூபாய். 28ஆம் பிரிவு சமூகத் தணிக்கையைப் பற்றியும் சேர்த்துக் கேளுங்கள். கல்லூரி விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் செய்யக்கூடிய வேலைதான் இது. கைரேகை தேய்ந்துபோன தூய்மைப் பணியாளரையும் செங்கல் சூளைக்காரரையும் கருவி திருப்பி அனுப்பினால் அதையும் தேதியோடு குறித்து வையுங்கள். 1967 என்ற எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

அந்த இணையருக்கு இன்னும் அட்டை வரவில்லை. மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. பெண் இப்போது ஆறு மாதக் கர்ப்பம். கடையில் கிலோ அறுபது ரூபாய்க்கு அரிசி வாங்குகிறார்கள். அவள் அப்பா வீட்டு அட்டையில் அவள் பெயர் அப்படியே இருக்கிறது.