பரீட்சையை எழுதுவதா, கொடுப்பதா, எடுப்பதா?

தேர்வு முடிந்து வெளியே வரும் தமிழ் மாணவன் "ஐ ரோட் மை எக்ஸாம் வெல்" என்கிறான். தமிழில் பரீட்சை எழுதுவதுதான் வழக்கம், அதுவே ஆங்கிலத்திலும் வந்து விழுகிறது. இந்தி பேசும் மாணவன் "ஐ கேவ் மை எக்ஸாம்" என்பான். இந்தியில் பரீட்சையைக் 'கொடுப்பார்கள்'. ஆனால் அமெரிக்காவில் மாணவன் செய்வது 'டேக்', இங்கிலாந்தில் 'சிட்'டும் உண்டு. அங்கே போய் 'கிவ்' என்றால் தேர்வு வைத்த வாத்தியார் இவன்தான் என்று ஆகிவிடும்! பொருளே தலைகீழ்.

'ரைட்'டையும் அதே சிவப்பு மையால் அடிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'ரைட் ஆன் எக்ஸாம்' என்கிறார்கள். அதைத் தமிழன் செய்த பிழை என்பது அநியாயம்.

'டூ', 'மேக்' விஷயம் அப்படி அல்ல. 'டூ எ மிஸ்டேக்' எங்கேயும் எடுபடாது. 'மேக் எ மிஸ்டேக்'தான். தமிழில் தப்பும் 'பண்ணுவது', வீட்டுப்பாடமும் 'பண்ணுவது' என்பதால் வரும் குழப்பம் இது. புதிதாக ஒன்றை உண்டாக்கினால் 'மேக்', வேலையைச் செய்தால் 'டூ' என்று வகுப்பில் ஒரு சூத்திரம் சொல்வார்கள். கேக்குக்கும் வீட்டுப்பாடத்துக்கும் சரியாக வரும். ஆனால் கலைந்த படுக்கையைச் சரிசெய்வது ஏன் 'மேக் தி பெட்'? அது என்ன தச்சு வேலையா? சேதத்தை உண்டாக்குவது ஏன் 'டூ டேமேஜ்'? இங்கே சூத்திரம் படுத்துவிடுகிறது.

தமிழ் மட்டும் என்ன ஒழுங்கு? காபி போடுகிறார்கள், கோலம் போடுகிறார்கள், கையெழுத்து போடுகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் "காபி சமைத்தேன்" என்றால் சிரிப்பு வரும். ஏன் தப்பு என்று அவர் கேட்டால் பதில் வராது. வழக்கம், அவ்வளவுதான்.

ஆகவே 'மிஸ்டேக் - தவறு' என்று தனிச்சொல்லாக எழுதி வைக்கும் நோட்டு பாதி உபயோகம்தான். 'மேக் எ மிஸ்டேக்' என்று வினையோடு சேர்த்தே எழுதி, சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். சொல்லிக் கொடுப்பவர்களும் சூத்திரத்தை விட்டு ஜோடிகளைத் தர வேண்டும். எந்த ஜோடி எந்த நாட்டு வழக்கு என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. அமெரிக்காவில் 'மேக் எ டெசிஷன்' என்பார்கள், இங்கிலாந்தில் 'டேக் எ டெசிஷன்' என்றும் சொல்வார்கள். 'டேக்' போட்ட பிள்ளைக்கு ஒரு மார்க் குறைத்தால், அங்கே தப்பு செய்தது பிள்ளை இல்லை.