உழைப்பு குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது

விளம்பர மின்னஞ்சல்கள் திறக்கப்படாமல் கிடப்பதற்குப் பெறுபவர் உணரும் மன உழைப்பே காரணம் என்கிறது சந்தைப்படுத்தல் துறை. பொருள்வரியைச் சுருக்கினால் திறப்பு விகிதம் உயரும் என்பது அதன் பாடம். இது பாதி உண்மை.

மனிதர் உழைப்பைச் சிக்கனம் செய்பவர் என்பதில் ஐயமில்லை. ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிப்ஃப் 1949இலேயே இதை நூலாக எழுதினார். ஆனால் டான் ஸ்பெர்பரும் டீர்ட்ரே வில்சனும் 1986இல் முன்வைத்த பொருத்தக் கோட்பாடு ஒரு தராசைத் தந்தது. ஒரு தட்டில் புரிந்துகொள்ளச் செலவாகும் உழைப்பு, மறுதட்டில் அதனால் கிடைக்கும் பயன். சந்தைக்காரர்கள் முதல் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதன் விளைவுதான் ‘உங்களுக்காக ஒன்று’, ‘கடைசி வாய்ப்பு!’ என்னும் வரிகள். படிக்க ஒரு நொடி போதும். செய்தி என்னவென்று அறியவோ திறந்தே ஆகவேண்டும். ‘பருத்திப் புடவைகளுக்கு ஞாயிறு வரை 20 விழுக்காடு தள்ளுபடி’ என்பது நீளமான வரி. ஆனால் வேண்டுமா வேண்டாமா என்று திறக்காமலே முடிவெடுக்க அது உதவுகிறது. சுருக்கம் வேறு, எளிமை வேறு. முன்னதில் உழைப்பு குறையவில்லை. திறப்பதற்கு முன்னிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

அளவுகோலும் பழுதானது. மடலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நுண்படம் தரவிறங்குவதையே ‘திறப்பு’ என்று எண்ணுகிறார்கள். ஆப்பிள் 2021இல் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு வசதி, பயனர் மடலைத் திறக்காவிட்டாலும் அப்படத்தை இறக்கிவிடுகிறது. எந்திரம் செய்ததை மனித மனத்தின் சான்றாகக் காட்டும் ஆய்வேடு எதை அளக்கிறது?

உழைப்பைக் குறைப்பதே நோக்கமென்றால் மடலின் அடிப்பகுதியிலிருந்து தொடங்கியிருக்கலாம். அங்கேதான் விலகுவதற்கான இணைப்பு மங்கிய நிறத்தில், பொடி எழுத்தில் கிடக்கிறது. அழுத்தினால் கடவுச்சொல், காரணம் கேட்கும் படிவம், ‘உறுதியாகவா?’ என்றொரு கேள்வி. இசைவு தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் இயலவேண்டும் என்கிறது இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பெருமளவில் விளம்பர மடல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலக வழிசெய்ய வேண்டும் என்று ஜிமெயிலும் 2024இல் விதித்தது. மன உழைப்பின்மீது இத்தனை அக்கறை கொண்ட துறைக்கு இதை விதி போட்டுத்தான் சொல்லவேண்டியிருந்தது.

யாருடைய உழைப்பு, யாருடைய பயனுக்கு என்று கேட்காத ஆய்வு வணிகத்தின் கணக்குப்பிள்ளை வேலையைத்தான் செய்கிறது. மடலைத் திறக்காமல் கடந்துபோகிறவர் சோம்பேறி அல்லர். இரண்டு தட்டுகளையும் நிறுத்துப் பார்த்தவர் அவர்.