பென்சிலால் போட்ட பட்டியல்

சாலாக் செலாத்தானில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் என் தங்கை மகன், கணினிக் கூடைப்பந்து விளையாட்டில், அணிகள் புதிய ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுக்கும் ஆண்டுத் தேர்வுக்கு வந்த புதுமுகங்களை ஒன்று முதல் 30 வரை நோட்டுப் புத்தகத்தில் வரிசைப்படுத்தி, 19 வயதினன் ஒருவனின் பெயருக்கு நேரே ‘வளரமாட்டான்’ என்று பென்சிலால் எழுதியதைக் கண்டு என் மனம் சஞ்சலமுற்றது.

வரிசைப்படுத்துவது குற்றமன்று, நுணுகிப் பார்க்கும் பழக்கத்தை அது வளர்க்கிறது. ஆயினும், 1984-இல் அமெரிக்கக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்பிஏ நடத்திய அத்தகைய தேர்வில், பின்னர் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் ஜோர்டானே மூன்றாமவராகத்தான் அழைக்கப்பட்டார். 2014-இல், தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த வேளையில், 41-ஆம் இடத்தில் தேர்வான செர்பிய இளைஞர் நிக்கோலா யோக்கிச், பின்னர் 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்தக் கூட்டமைப்பின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றார். கணினி விளையாட்டோ, அதில் வரும் ஆட்டக்காரன் ஒருவன் எவ்வளவு தூரம் வளரக்கூடும் என்பதை முன்கூட்டியே ஓர் எண்ணாக எழுதி வைத்துக்கொள்கிறது. மனிதனுக்கு அத்தகைய எண்ணைப் பிரம்மதேவனும் எழுதியதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

தம்பிகளே, பட்டியல் போடுங்கள். ஆனால் மூன்று ஆட்டப் பருவங்கள் கழியுமுன் எவன் பெயரையும் அடித்துவிடாதீர்கள்.