றக்பி மைதானத்தில் நமது பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்

கண்டியில் றக்பிப் பருவம் தொடங்கிவிட்டால் கடைத்தெருப் பேச்சே மாறிவிடுகின்றது. பிரட்பி கேடயம் இம்முறை யாருக்கு, நித்தவளையில் கண்டி விளையாட்டுக் கழகம் எத்தனை புள்ளிகளால் வெல்லும் என்ற விவாதங்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி அனைவரும் கலந்துகொள்கின்றனர். ஆயினும் மைதானத்துக்குள் இறங்கும் அணிகள் எந்தெந்தப் பாடசாலைகளைச் சேர்ந்தவை என்று பார்த்தால், தமிழ் மொழிமூலப் பாடசாலைகளின் பெயர்கள் அரிதாகவே கண்ணில் படும். ஆர்ப்பரிப்பதற்கு நாம் இருக்கின்றோம். ஆடுவதற்கு மிகச் சிலரே இருக்கின்றனர். இந்நிலையை மாற்ற அணிக்கு எழுவர் கொண்ட றக்பி ஒரு வழியாகலாம் என்பதும், அதற்கான சுற்றுப்போட்டியைப் பிலிமத்தலாவை போன்ற ஊரொன்றிலுள்ள பாடசாலையே ஏற்று நடத்த முடியும் என்பதும் எமது கருத்தாகும்.

இலங்கைப் பாடசாலை றக்பியின் தாயகம் கண்டியேயாகும். 1891ஆம் ஆண்டில் எல்.ஈ. பிளேஸ் தாம் ஆரம்பித்த பாடசாலையில், அதாவது இன்றைய கிங்ஸ்வூட் கல்லூரியில், இவ்விளையாட்டைப் புகுத்தினார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதிய ஆட்டமே நாட்டின் முதலாவது பாடசாலைகளுக்கு இடையிலான றக்பி ஆட்டமாகக் கருதப்படுகின்றது. 1920இல் திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் ஆடத் தொடங்கின. 1945 முதல் அவ்வாட்டம் பிரட்பி கேடயத்துக்கானதாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இந்த மரபு பெருமைக்குரியதே. ஆனால் அது பெரும்பாலும் நகரத்துப் பெரிய கல்லூரிகளின் மதில்களுக்குள்ளேயே வளர்ந்தது.

மலையகத்தின் கதை இதைவிட வேதனையானது. றதல்லையிலும் டரவளையிலும் தோட்டத் துரைமாரின் கழகங்கள் தேயிலைக்கு நடுவே பச்சைப் பசேலென்ற மைதானங்களை அமைத்து றக்பி ஆடின. அவற்றைச் சூழ்ந்த லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கோ அது வேலிக்கப்பால் நின்று பார்க்கும் வேடிக்கையாகவே இருந்தது. துரைமார் போய் அரை நூற்றாண்டாகிவிட்டது. வேலி மட்டும் முழுமையாக அகன்றுவிடவில்லை.

முஸ்லிம்களின் நிலை சற்று வேறானது. கொழும்பு ஸாஹிரா கல்லூரி 1920களிலேயே றக்பியில் இறங்கிய பாடசாலையாகும். கண்டியிலோ கிங்ஸ்வூட் கல்லூரி உருவாக்கிய பாசில் மரிஜா கண்டி விளையாட்டுக் கழகத்துக்கும் தேசிய அணிக்கும் தலைமை தாங்கி, நாட்டின் மிகச் சிறந்த பின்வரிசை வீரர்களுள் ஒருவரெனப் பெயர் பெற்றார். வாய்ப்புக் கிடைத்தால் நமது இளைஞர்கள் எதுவரை செல்வார்கள் என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆனால் அவ்வாய்ப்பு ஒரு பெரிய கல்லூரியில் அனுமதி கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருப்பதுதான் சிக்கல். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் நான்கு புள்ளிகள் குறைந்துபோன பையனின் கால்கள் வேகம் குறைந்தவையா என்ன?

இங்குதான் எழுவர் றக்பி கைகொடுக்கின்றது. 1883இல் ஸ்கொட்லாந்தின் மெல்றோஸ் என்னும் சிற்றூரில், தம் கழகத்துக்குப் பணம் திரட்டும் நோக்கில் நெட் ஹெய்க் என்ற இறைச்சி வியாபாரி முன்வைத்த யோசனையிலிருந்து இவ்வடிவம் பிறந்தது. பணமில்லாத ஊரொன்றின் கண்டுபிடிப்பு இது என்பதை நமது பாடசாலை அதிபர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். 2016ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது ஆண்களுக்கான தங்கப் பதக்கத்தை வென்றது, பத்து இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் பீஜித் தீவுகளாகும். அந்நாடு ஒலிம்பிக்கில் பெற்ற முதலாவது பதக்கமும் அதுவேயாகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினைவர் அணியைக் கட்டியெழுப்பும் பாடசாலைக்கு மாற்று வீரர்களுடன் இருபதுக்கும் மேற்பட்டோர் தேவை. அதிலும் முன்வரிசைக்கு விசேட பயிற்சி பெற்ற பருத்த உடலினர் வேண்டும். எழுவர் அணிக்கோ மாற்று வீரர் ஐவருடன் பன்னிருவர் போதும். பாதிக்கு ஏழு நிமிடம், இடைவேளை இரண்டு நிமிடம் என ஓர் ஆட்டம் பதினாறு நிமிடங்களில் முடிந்துவிடும். அணிகள் மாறுவதற்கு நான்கு நிமிடம் சேர்த்தால் மணிக்கு மூன்று ஆட்டங்களை நடத்தலாம். எட்டு அணிகளை இரு குழுக்களாகப் பிரித்தால் குழுநிலையில் 12 ஆட்டங்கள் வரும். கிண்ணத்துக்கும் கோப்பைக்குமான அரையிறுதிகள், இறுதிகள் என மேலும் 6 ஆட்டங்கள். ஆக 18 ஆட்டங்கள், ஆறு மணித்தியாலம், ஒரே மைதானம், ஒரே நாள். காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் மதிய உணவுக்கும் தொழுகைக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கியும் மாலை நான்கு மணிக்கு முன்னர் பரிசளிப்பு முடிந்துவிடும். தொண்ணூற்றாறு மாணவர்களுக்கு ஆடும் வாய்ப்புக் கிடைக்கும்.

ஆனால் இக்கணக்கில் எச்சரிக்கையொன்றும் அடங்கியுள்ளது. இறுதிவரை செல்லும் அணி ஒரே நாளில் ஐந்து ஆட்டங்களில், அதாவது 70 நிமிடங்கள் களத்தில் நிற்க நேரும். பத்தொன்பது வயதுக்குட்பட்டோரின் முழுமையான பதினைவர் ஆட்டத்தின் நேரமும் அதுவே. எழுவர் ஆட்டத்தில் வெற்றிடம் அதிகம், ஓட்டமும் அதிகம். ஆகவே சின்ன ஆட்டம்தானே என்ற அலட்சியம் ஆபத்தானது.

பிலிமத்தலாவையை நாம் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணமுண்டு. கண்டியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தொலைவில், கொழும்பு வீதியோரமாக அமைந்த இவ்வூர் யட்டிநுவர, உடுநுவர பிரதேசங்களுக்குப் பொதுவானதொரு சந்தியாகும். உடுநுவரவில் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கின்றனர். கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகள் கண்டி நகரத்து நெரிசலுக்குள் சிக்காமலேயே இங்கு வந்து சேரலாம். பேராதனைப் போதனா வைத்தியசாலை அண்மையிலேயே இருக்கின்றது. பெருங்கல்லூரி மைதானமொன்றில் விருந்தாளியாக நின்று இரண்டு ஆட்டத்தில் தோற்றுத் திரும்பும் அணிக்கு இல்லாத உரிமையுணர்வு, இத்தகைய ஊரில் நடைபெறும் போட்டியில் உண்டாகும்.

போட்டியை ஏற்று நடத்துவதே ஒரு கல்வி என்பதையும் சொல்லவேண்டும். கோடு கீறுதல், நேரங்காத்தல், புள்ளிப் பலகை, தண்ணீர், முதலுதவி, அறிவிப்பு என்று விளையாடாத நூறு மாணவர்களுக்கும் அங்கு வேலையிருக்கின்றது. அறிவிப்பு சிங்களத்திலும் தமிழிலும் அமைவது கட்டாயம். அவ்வூருக்கு இது புதிதுமன்று. அருகிலுள்ள லங்காதிலக விகாரையில் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. பாறையிலேயே முடிந்தது ஒலிபெருக்கியில் முடியாதென்று எவரும் கூறமுடியாது.

பெற்றோரின் அச்சம் நியாயமானது. றக்பியில் தலையில் அடிபடுவது பாரதூரமான விடயம். மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாகச் சந்தேகம் எழுந்த கணமே வீரரை வெளியேற்ற வேண்டும், அன்று அவர் மீண்டும் களமிறங்கக் கூடாது என்பது சர்வதேச விதியாகும். வெற்றி மோகத்தில் இவ்விதியை மறக்கும் பயிற்றுநர்கள் உண்டென்பதை நாம் அறிவோம். எனவே மைதானத்தில் ஒரு வைத்தியரும் அம்புலன்ஸ் வண்டியும் இல்லையேல் முதலாவது விசில் ஊதப்படலாகாது. அனுசரணையாளரின் பதாகைக்குப் பணம் இருக்கும்போது இதற்கு இல்லையென்பது ஏற்கத்தக்கதன்று. புதிதாகத் தொடங்கும் பாடசாலைகள் முதல் ஆண்டில் வீழ்த்திப் பிடித்தலை விடுத்துத் தொடு றக்பியோடு நின்றுகொள்வதும் நல்லது.

நாட்காட்டி விடயத்திலும் கவனம் தேவை. றமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாட்கள் முன்னோக்கி நகர்கின்றது. நோன்பு நாளில் ஐந்து ஆட்டம் ஆடும்படி ஒரு மாணவனைக் கேட்பது முறையாகாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஆட்டம் வைத்துவிட்டு முஸ்லிம் பாடசாலைகள் பங்குபற்றவில்லையே என்று குறைகூறுவதிலும் பொருளில்லை. தைப்பொங்கலும் மாசி மகாசிவராத்திரியும் கூட நாட்காட்டியில்தான் உள்ளன. திகதி குறிப்பவர்கள் அதைப் புரட்டிப் பார்த்தாற் போதும்.

மாணவியர் குறித்துச் சில சொற்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான எழுவர் றக்பியும் 2016 முதலே இடம்பெறுகின்றது. ஆபத்து விளைவிக்காத விதத்தில் தலைமறைப்பு அணிந்து ஆடச் சர்வதேச விதிகள் இடமளிக்கின்றன. தடை விதியில் இல்லை. ஊரின் தயக்கத்தில் இருக்கின்றது. பெண் பயிற்றுநரும் தனியான உடைமாற்றும் அறையும் இருந்தால் அத்தயக்கத்தின் பெரும்பகுதி குறையும் என்றே நாம் கருதுகின்றோம்.

2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் நடந்தவற்றைக் கண்டி மாவட்டத்து முஸ்லிம்கள் மறக்கவில்லை. பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டு நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்ட நாட்கள் அவை. ஒரு பந்து அந்தக் காயத்தை ஆற்றிவிடும் என்று நாம் கூறவரவில்லை. வெவ்வேறு பாடசாலைகளில், வெவ்வேறு மொழிகளில் படிக்கும் சிறுவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் சந்தர்ப்பங்களே இம்மாவட்டத்தில் குறைவு என்பதையே சுட்டிக்காட்டுகின்றோம். ஒருநாள் முழுவதும் ஒரே மைதானத்தில் இருக்கும் எட்டு அணிகளுக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைக்கின்றது. மதிய உணவைப் பாடசாலை வாரியாகப் பிரித்துப் பரிமாறாமல் ஒரே மண்டபத்தில், அனைவரும் உண்ணக்கூடிய உணவாக வழங்கினால் இன்னும் நல்லது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் கண்டி மாவட்டம் பேரழிவைச் சந்தித்த பின்னர் விளையாட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று கேட்போர் இருப்பர். வீடிழந்தோருக்கு வீடு முதலில் கிடைக்கவேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. எனினும் சரிந்த மண்ணை அகற்றிப் பாடசாலை வளவுகளைச் சீரமைக்கும் வேலை நடக்கும் இடங்களில் மைதானத்தையும் சேர்த்துச் சமப்படுத்த அதிக செலவாகப் போவதில்லை. கட்டடத்தை மட்டும் கட்டிவிட்டு மைதானத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவைத்தால் அங்கு அடுத்த ஆண்டில் இன்னொரு கட்டடம் எழும் என்பது நாம் கண்ட அனுபவம்.

கல்வி அமைச்சும் மாகாணக் கல்வித் திணைக்களமும் செய்யவேண்டியது பெரிதல்ல. எட்டு இடங்களில் நான்கையாவது இதற்கு முன்னர் றக்பி ஆடாத பாடசாலைகளுக்கு ஒதுக்கவேண்டும். கம்பளை ஸாஹிரா, நாவலப்பிட்டி கதிரேசன், ஹட்டன் ஹைலண்ட்ஸ் போன்ற பாடசாலைகளுக்கும் சுற்றயலிலுள்ள சிறு வித்தியாலயங்களுக்கும் அழைப்புக் கடிதங்கள் தமிழில் செல்லவேண்டும். அவை போட்டிக்கு முந்திய வாரத்தில் வந்துசேருமாயின் எவ்விதப் பயனுமில்லை. பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பந்தைப் பின்னோக்கி எறியப் பழக்குவதற்கே ஒரு தவணை வேண்டும்.