பழைய டெக்கின் இடத்தில் எதை வைப்பது?



நம் இல்லங்கள் பலவற்றில் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே ஒரு கருவி இயங்காமல் கிடக்கின்றது. சில வீடுகளில் அது சபராளி ஒருவர் வளைகுடாவிலிருந்து சுமந்து வந்த வீடியோ டெக். சில வீடுகளில் டிவிடியில் பதியும் கருவி. வேறு சிலவற்றில், டிஷ் நிறுவனம் ஒன்றிடம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, உள்ளே ஹார்டு டிஸ்க் வைத்த செட்டாப் பாக்ஸ். பழுது பார்ப்பவரும் கைவிரித்துவிட்ட பின், "இதற்குப் பதிலாக எதை வாங்கலாம்?" என்று பலரும் கேட்கின்றனர். கடைக்காரரைக் கேட்டால் தம்மிடம் இருப்பதைச் சொல்வார். பிள்ளைகளைக் கேட்டால், "எல்லாம்தான் மொபைலில் வருகின்றதே, இனி எதற்கு ரெக்கார்டர்?" என்பார்கள். இரண்டு விடையிலும் எனக்கு உடன்பாடில்லை.

தொலைக்காட்சியே வீட்டிற்குள் வேண்டாம் என்று முடிவு செய்த குடும்பங்கள் நம்மில் உண்டு. அவர்களுடைய முடிவை மதிக்கின்றேன். அவர்களுக்கு இக்கட்டுரை தேவைப்படாது. தொலைக்காட்சி இருக்கும் வீட்டில் அது எந்த நேரத்தில் பேச வேண்டும், எந்த நேரத்தில் வாய்மூட வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார் என்பதே என் கேள்வி.

மஃரிபின் நேரம் சூரியன் மறைவதோடு தொடங்குகின்றது. சென்னையில் அது ஆண்டு முழுவதும் மாலை 5.40-க்கும் 6.40-க்கும் இடையில்தான் அமையும். அதிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் இஷா. தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு விளம்பர வருவாய் பெருகும் நேரமும் ஏறத்தாழ இதுவே. செய்தி, தொடர், விவாதம் அனைத்தையும் இந்நேரத்தில்தான் அடுக்குகின்றனர். ஐபிஎல் ஆட்டங்கள் இரவு 7.30-க்குத் தொடங்குகின்றன. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ரமலானும் ஐபிஎல்லும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வந்ததை நாம் கண்டோம். தராவீஹுக்குப் பள்ளியில் வரிசை நிற்கும் நேரத்தில் இளைஞர் கையில் மொபைல் ஒளிர்ந்ததையும் கண்டோம். அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் ஆட்டத்தைப் பதிவில் போட்டுவிட்டு வந்து, தொழுகை முடிந்தபின் விளம்பரங்களைத் தாண்டிப் பார்த்தால் மூன்றரை மணி நேர ஆட்டம் இரண்டு மணி நேரத்திற்குள் அடங்கிவிடும் என்பதை எத்தனை பெற்றோர் சொல்லிக் கொடுத்தோம்? முடிவு முன்பே தெரிந்துவிடாதபடி மொபைலை அணைத்து வைக்க வேண்டும், அவ்வளவே. பாங்கு ஒலிக்கும்போது நேரலையை நிறுத்தி வைக்கும் பொத்தான் நல்ல ரெக்கார்டர்கள் எல்லாவற்றிலும் உண்டு. அந்த ஒரு பொத்தானுக்காகவே ரெக்கார்டர் வாங்கலாம் என்பேன்.

"பிறருடைய நிகழ்ச்சியைப் பதிந்து வைப்பது திருட்டாகாதா?" என்று பேணுதலுடன் கேட்போரும் உண்டு. அமெரிக்காவில் திரைப்பட நிறுவனங்கள் இதே குற்றச்சாட்டோடு சோனி நிறுவனத்தை நீதிமன்றத்திற்கு இழுத்தன. பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிந்துகொள்வது குற்றமன்று என 1984-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவும், பதிபவர் தம் சொந்தப் பயன்பாட்டிற்காக ஒளிபரப்பைப் பதிவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. அந்தப் பதிவை வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு இது அனுமதியாகாது.

இனி, எதை வாங்குவது?

டிவிடி ரெக்கார்டரின் காலம் முடிந்துவிட்டது. கேபிளை டிஜிட்டலாக்கும் 2011-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின், பழைய அனலாக் அலைவரிசைகள் படிப்படியாக நின்றன. எனவே அக்கருவிக்குள் இருக்கும் அலைவரிசை வாங்கிக்கு இன்று வாங்குவதற்கு ஒன்றுமில்லை. செட்டாப் பாக்ஸின் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை அதில் இணைத்துப் பதியலாம்; படம் மங்கலாகவே இருக்கும். எச்டிஎம்ஐ கம்பி வழியே பதியலாம் என்று விற்கப்படும் சிறு பெட்டிகளை நம்ப வேண்டாம். செட்டாப் பாக்ஸ் அந்த வழியில் பூட்டுப் போட்டே படத்தை அனுப்புவதால், பல நேரங்களில் கருந்திரைதான் பதிவாகும்.

எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, டிஷ் நிறுவனங்கள் தரும் ஹார்டு டிஸ்க் உள்ள ரெக்கார்டர். மற்றொன்று, யுஎஸ்பி துளையில் டிஸ்க்கையோ பென்டிரைவையோ செருகிப் பதியும் சாதாரண பெட்டி.

முதல் வகை வசதியானது. இரண்டு அலைவரிசை வாங்கிகள் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்; ஒன்றைப் பதிந்துகொண்டே மற்றொன்றைப் பார்க்கலாம். கொள்ளளவைப் பொறுத்தவரை கடைக்காரர் சொல்லும் மணிக்கணக்கை விட நம் கணக்கே நல்லது. எச்டி அலைவரிசை நொடிக்கு 8 மெகாபிட் அளவில் வருகின்றது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்திற்கு 3.6 ஜிபி இடம் வேண்டும். 500 ஜிபி டிஸ்க்கில் ஏறத்தாழ 140 மணி நேரம் பதியலாம். ஒரு குடும்பத்திற்கு இது தாராளம். 140 மணி நேரத்தை எவரேனும் நிரப்பிவிட்டால், அவருக்குத் தேவை பெரிய டிஸ்க் அன்று. பார்க்காமலே சேர்த்து வைப்பதும் வீண்விரயத்தின் ஒரு வகைதான்.

இந்த வகையின் குறை வாங்கும்போது எவரும் சொல்லாதது. அதில் பதிந்தவை பெரும்பாலும் அந்தப் பெட்டிக்கே உரியவையாகப் பூட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் இணைத்தாலும் திறக்காது. பெட்டி பழுதானால் பதிவுகளும் போகும். சந்தா நின்றால் பழைய பதிவுகளையே காண முடியாத பெட்டிகளும் உண்டு. ஆகவே அதனை அலமாரியாகக் கருதக் கூடாது. இன்று வைத்து நாளை எடுக்கும் திண்ணையாகவே கருத வேண்டும். உள்ளூர் ஆலிம் ஒருவரின் பேட்டி, பள்ளி ஆண்டு விழாவில் உங்கள் மகள் பேசியது போன்றவற்றை அதில் மட்டும் விட்டு வைக்காதீர்கள்.

யுஎஸ்பி வகையின் நிலைமை பெட்டிக்குப் பெட்டி மாறும். கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்காகச் சந்தையில் கிடைக்கும் பெட்டிகள் பலவற்றில், பதிவு சாதாரண கோப்பாகவே அமையும், கணினியிலும் ஓடும். மாதச் சந்தா கிடையாது. தமிழுக்கு டிடி தமிழ், அதாவது 2024 ஜனவரி வரை பொதிகை என்ற பெயரில் வந்த அலைவரிசை, அதில் உண்டு. செய்தியும் சில நல்ல நிகழ்ச்சிகளும் போதும் என்னும் வயோதிகத் தம்பதியர்க்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துகொண்டு, பெற்றோர் பெயரில் முந்நூறு அலைவரிசைச் சந்தா கட்டுவது அன்பின் அடையாளம்தான்; ஆனால் வாப்பாவுக்கு அந்த ரிமோட்டில் எதை அழுத்துவது என்று தெரிவதில்லை. வாங்கும் முன் கடையிலேயே ஐந்து நிமிடம் பதிந்து, பென்டிரைவை அவர்களுடைய கணினியில் செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குச் செல்லுங்கள்.

மொபைல் செயலிகளில் எல்லாம் கிடைக்கின்றது என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஆனால் செயலியில் நிகழ்ச்சி எத்தனை நாள் இருக்கும் என்பதை நிறுவனமே முடிவு செய்கின்றது. ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டிவிடும் வழக்கமும் அதற்கு உண்டு. ரெக்கார்டர் அப்படியன்று. நாம் குறித்துக் கொடுத்ததை மட்டும் பதியும், அது முடிந்ததும் நின்றுவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வேறுபாடு சிறிதன்று.

மின்செலவையும் ஒரு சொல் சொல்லிவிடுகின்றேன். ரெக்கார்டர் பார்க்காத நேரத்திலும் விழித்தே இருக்கும். 15 வாட் என்று கொண்டால் மாதத்திற்கு ஏறத்தாழ 11 யூனிட், இரண்டு மாதத்திற்கு 22 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் இதற்கே போய்விடும். ஆழ்ந்த உறக்கநிலை வசதி உள்ள பெட்டியானால் இது குறையும். ஹார்டு டிஸ்க்கிற்குச் சூடு பகை. பெட்டியின் மேல் துணி விரித்துப் பூச்சாடி வைக்கும் வழக்கத்தை இதிலாவது விட்டுவிடலாம்.

புதியதைப் பற்றி இவ்வளவு போதும். எனக்கு அதிகக் கவலை தருவது பழையதுதான்.

1980-களிலும் 90-களிலும் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களுக்குச் சபராளிகள் டெக்கைக் கொண்டு வந்தபோது, அது படம் பார்க்க மட்டும் வரவில்லை. நிக்காஹ் கேசட் ஊரிலிருந்து துபாய்க்கும் ஜித்தாவுக்கும் போனது. தங்கையின் திருமணத்திற்கு விடுப்புக் கிடைக்காத அண்ணன், அறைத் தோழர்களோடு அமர்ந்து அதைப் பார்த்தார். பின்னர் அதே கேசட் ஊர் திரும்பி, பரணில் ஏறியது. அதில் அசைந்து பேசும் மூத்தம்மாக்களும் அப்பாக்களும் இன்று கப்ருஸ்தானில் இருக்கின்றனர். அவர்களுடைய குரல் வேறெங்கும் இல்லாத குடும்பங்கள் பல.

அந்த நாடா நிலைத்த பொருளன்று. காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல இளகுகின்றது. கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் பூஞ்சையும் படிகின்றது. கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். சுற்றிய நாடாவின் விளிம்பில் வெண்பொடி தெரிந்தால் அதை டெக்கில் போடவே கூடாது. நாடாவும் கெடும், பூஞ்சை டெக்கின் தலைப்பகுதியில் ஒட்டி அடுத்த கேசட்டிற்கும் பரவும். ஓட்டுவதற்குக் கருவியும் அருகி வருகின்றது. 1976-இல் ஜேவிசி நிறுவனம் அறிமுகம் செய்த விஎச்எஸ் முறையில், கடைசி வரை டெக் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் அத்தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே ஓடும் நிலையிலுள்ள பழைய டெக்கைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். வளைகுடாவில் வாங்கியவை பல, பால், என்டிஎஸ்சி இரண்டையும் ஓட்டக்கூடியவை. அமெரிக்க உறவினர் அனுப்பிய கேசட்டும் அவற்றில் ஓடும். அத்தகைய டெக் ஒன்று தெருவில் இருந்தால், தெருவே அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேசட்டைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் ஸ்டுடியோக்கள் நகரங்களில் உண்டு. இங்கேதான் நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டும். அன்றைய நிக்காஹ் கேசட்டில் பாதி, பெண்கள் பகுதியில் எடுக்கப்பட்டது. அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது என்ற நம்பிக்கையில் நம் தாய்மாரும் சகோதரிகளும் அதில் அமர்ந்திருந்தனர். அந்த நம்பிக்கை நாடா பழையதானதால் காலாவதியாகிவிடவில்லை. முன்பின் அறியாத கடையில் கொடுத்தால், மாற்றும்போது ஒருவர் அமர்ந்து பார்ப்பார். ஒரு நகல் அவருடைய கணினியில் தங்கும். தீய எண்ணம் இல்லாவிடினும் தங்கும். குடும்ப நினைவு என்று யூடியூபில் ஏற்றிவிடும் பேரப்பிள்ளைகளும் உண்டு. படத்தில் இருப்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இறந்தவரிடம் கேட்கவும் முடியாது.

வீட்டிலேயே மாற்றுவது கடினமன்று. டெக்கின் மூன்று நிறக் கம்பிகளைக் கணினியின் யுஎஸ்பியோடு இணைக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கின்றது. மூன்று மணி நேரக் கேசட்டிற்கு மூன்று மணி நேரமே ஆகும்; விரைவு வழி கிடையாது. அந்த வேலையைப் பெண்மக்களில் ஒருவர் செய்யட்டும். கல்லூரியில் படிக்கும் நம் பெண்கள் இதனை ஒரே பிற்பகலில் கற்றுக்கொள்வர். உம்மாவை அருகில் அமர்த்திக்கொண்டால், யார் யார் என்று பெயரும் குறித்துக்கொள்ளலாம். முடிந்தபின் இரண்டு டிஸ்க்குகளில் நகல் எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள்.

ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கருவியில் குடும்பக் காட்சிகளைச் சேர்த்து வைத்திருந்தால், எடைக்குப் போடும் முன் அந்த டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். மெனுவில் அழித்துவிட்டோம் என்பது போதாது. அழித்தவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. டிஸ்க்கைத் துளையிட்டு உடைத்த பின் எஞ்சியதை மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுக்கலாம்.

கேசட்டை டெக்கில் போடும் முன் அதன் முதுகுப்புற ஓரத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் மடலைப் பாருங்கள். அது உடைக்கப்படாமல் இருந்தால் முதலில் உடைத்துவிடுங்கள். பதிவுப் பொத்தானில் கை தவறிப் பட்டாலும், நிக்காஹின் மேல் வேறெதுவும் பதியாது.