பழைய போனுக்கு ‘சாஃப்ட்வேர்’ போடப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

“சாஃப்ட்வேர் போட்டா சரியாயிரும்!” குலசேகரமோ கோயம்புத்தூரோ, திணறும் பழைய போனை மொபைல் கடையில் நீட்டினால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். உடனே அம்மாக்கள் கேட்பார்கள்: “மக்களே, மவன் அனுப்பின போட்டோவெல்லாம் போயிருமா?”

போயிரும். வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் குமரி மாவட்ட வீடுகளில் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்தான் குடும்ப ஆல்பம். அதனால் அவசரம் வேண்டாம்.

முதலில் செட்டிங்ஸில் ஸ்டோரேஜைப் பாருங்கள். பாதி போன்களுக்கு வியாதியே ‘குட்மார்னிங்’ படங்கள்தான். அவற்றை அழித்தாலே மூச்சு வந்துவிடும்.

அதற்கும் சரியாகாவிட்டால் இரண்டு வழி. ‘ஃபேக்டரி ரீசெட்’ உங்கள் தகவல்களைத் துடைக்கும்; ஆண்ட்ராய்டு அதேதான். ‘ஃபிளாஷ்’ செய்தால் ஆண்ட்ராய்டையே புதிதாக ஏற்றுவார்கள். போன் ஆன் ஆகாமல் லோகோவிலேயே நின்றால் இதுதான் கைகொடுக்கும். மாடல் மாறிய ஃபைலை ஏற்றினாலோ, பாதியில் கரன்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தாலோ போன் செங்கல்லாகிவிடலாம். மழை நாளில் லேப்டாப்பில் செய்யச் சொல்லுங்கள்!

எதுவானாலும் முந்தைய நாளே வாட்ஸ்அப் பேக்கப் எடுங்கள். ‘வீடியோவையும் சேர்’ என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள். 15 ஜிபி கூகுள் இலவச இடத்தில் அடங்காவிட்டால் போட்டோக்களை கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். திரும்ப எடுக்க அதே கூகுள் கணக்கு, அதே நம்பர் வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் சிம் செத்திருந்தால் ஓடிபி வராது.

இன்னொரு சிக்கல்: ஆண்ட்ராய்டு 5.1 முதல், திருட்டுக்குப் பூட்டாக, ரீசெட்டுக்குப் பின் பழைய கூகுள் ஐடியைப் போன் கேட்கலாம். ஐடி போட்டுக்கொடுத்த மகன் துபாயில் இருப்பார்; பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அவரிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட போன்களுக்கு ‘லீனேஜ் ஓஎஸ்’ உண்டு. 2016 டிசம்பரில் மூடப்பட்ட சயனோஜென்மாட் திட்டத்தின் வாரிசு, இலவசம். ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே வாட்ஸ்அப் 2023-லேயே நின்றுவிட்டதால், சில பழைய போன்களுக்கு இதுவே ஆயுள் நீட்டிப்பு. எல்லா மாடலுக்கும் கிடைக்காது. பூட்லோடரைத் திறக்கும்போது எல்லாமே அழியும். அதன்பின் சில பேங்க் ஆப்கள் வேலை செய்யாது. பென்ஷன் பணத்தை போனில் பார்க்கும் தாத்தாவுக்கு இது சரிவராது. பாட்டு கேட்க, வீடியோ கால் பேச மட்டும் என்றால் தாராளமாகப் போடலாம்.

பேட்டரி உப்பியிருந்தால் சாஃப்ட்வேர் பேச்சே வேண்டாம். சார்ஜ் போடாமல், முதலில் அதை மாற்றுங்கள்.